ஆறாவது ஆள்

வீணைக் குறைக்கும் லீன் முறையைக் கொண்டுவருகிறோம் என்று ஒரு கம்பெனிக்குள் நுழைகிற ஆலோசகர்கள் முதல் வாரத்திலேயே வெளியே எடுத்துப் போடச் சொல்லும் சாமான்களில் ஸ்டூலும் ஒன்று. உட்கார்ந்திருப்பவர் எழுந்து அடுத்த மெஷினுக்குப் போக நேரமாகும். நின்றால் ஒருவரே இரண்டு மூன்று மெஷின்களைப் பார்க்கலாம் என்பது கணக்கு. கணக்கில் தப்பில்லை. மெஷின்களை லாட வடிவில் நெருக்கிப் போட்டு, ஒரே ஆள் நடந்தபடி ஓட்டினால் உற்பத்தி கூடத்தான் செய்கிறது. ஆனால் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 44-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. நின்றபடி வேலை செய்யவேண்டியவர்கள், இடையில் சற்று ஓய்வு கிடைக்கும்போது உட்கார வசதி செய்து வைத்திருக்க வேண்டும் என்று அது சொன்னது. நான் போன கம்பெனிகளில் வேலையிட ஒழுங்குக்குப் போடும் ஃபைவ் எஸ் மார்க்கை எல்லோரும் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். இந்தப் பிரிவைப் பற்றிப் பேசிய ஆலோசகர் ஒருவரைக்கூட நான் சந்திக்கவில்லை.

நான் ஆவடிக்காரன். பாடிப் பக்கம் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பிரிவில் ஸ்டாப்வாட்சும் கையுமாக வேலையைத் தொடங்கியவன். பிறகு அம்பத்தூர் எஸ்டேட், திருமுல்லைவாயல், காக்களூர் என்று சிறு கம்பெனிகளுக்கு லீன் ஆலோசகராகப் போக ஆரம்பித்தேன். இந்தத் தொழிலை விரும்பித்தான் செய்கிறேன். அதனால்தான் இதில் நடக்கும் அநியாயத்தை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தக் காலத்துப் பட்டறைகள் எப்படி இருந்தன என்று பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். தரையெல்லாம் எண்ணெய், வழியெல்லாம் இரும்புச் சீவல். ஒரு டையைத் தேட அரை ஷிஃப்ட் போய்விடும். பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் அதை வாங்கிய முதல் கம்பெனி அதுதான். 2001-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2003-இல் ரானே பிரேக் லைனிங், 2004-இல் லூகாஸ் டிவிஎஸ் என்று இந்தப் பகுதியிலேயே வரிசையாகப் பரிசுகள் வந்தன. பெரிய கம்பெனிகளில் வந்த மாற்றம், அவர்களுக்குச் சப்ளை செய்யும் சின்னப் பட்டறைகள் வரை இறங்கியது. தலையில் சுமந்த பெட்டிக்கு டிராலி வந்தது. குனிந்து எடுத்த பாகம் இடுப்பு உயரத்துக்கு வந்தது. வெளிச்சம் வந்தது. எட்டாவது படித்த ஆள்கூட கேஜ் வைத்துப் பார்த்து, "இது ஓகே இல்லை சார்" என்று லைனை நிறுத்தலாம் என்ற உரிமை, காகிதத்திலாவது வந்தது. இதெல்லாம் சின்ன விஷயமில்லை.

ஆனால் தொழிலாளி தானாக யோசித்துச் சொல்லும் துணிவு எப்படிப் பறிபோகிறது என்பதை ஒரு பம்ப் அசெம்பிளி லைனில் கண்ணால் பார்த்தேன். அந்த லைனில் ஆறு பேர். நான்காவது டேபிளில் முடிந்த பாகங்களை டிரேயில் அடுக்குவார்கள். முப்பது சேர்ந்ததும் ஒரு பையன் தூக்கிக்கொண்டு ஐந்தாவது டேபிளில் வைப்பான். அங்கே வேலை பார்த்த ஒரு அண்ணன், ஐடிஐ ஃபிட்டர், மெயின்டனன்ஸ் ரூம் பின்னால் கிடந்த பழைய கண்ட்யூட் பைப் இரண்டை எடுத்து வந்தார். இணையாக வைத்து, லேசாகச் சாய்த்து, பாகம் தானே உருண்டு அடுத்த டேபிளுக்குப் போகும்படி செய்யப் பார்த்தார். சாய்வு கூடினால் பாகம் வேகமாகப் போய் மோதி விளிம்பு அடிபட்டது. குறைந்தால் பாதி வழியில் நின்றது. டீ நேரத்தில் மற்றவர்கள் வெளியே போனபோது இவர் மட்டும் பைப்புக்கு அடியில் அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகியும் உருவியும் பார்த்துக்கொண்டிருந்தார். சாய்வு பிடிபட்டதும் முனையில் சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டி ஒட்டினார். கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை, செலவென்று ஒரு ரூபாய் இல்லை. ஜப்பானில் இதைக் கரகுரி என்று தனிக் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். அவரோ யாரும் சொல்லிக் கொடுக்காமல் கண்டுபிடித்தார். அவருடைய ஃபோட்டோ நோட்டீஸ் போர்டில் ஏறியது. மேடையில் பரிசு கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் அந்த லைனில் ஐந்து பேர். டிரே தூக்கிய பையன் கான்ட்ராக்ட். கேட்டில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதே சமயம் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில் ஆள் போதாமல் ஓவர்டைம் (ஓடி) பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனை அங்கே போடலாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். தலைக்கணக்கு குறைந்ததை ஏற்கெனவே மேலே அனுப்பியாயிற்று என்று பதில் வந்தது. அந்த அண்ணன் ஒருநாள் கேன்டீன் வாசலில் என்னை நிறுத்திச் சொன்னார்: "சார், அந்தப் பையன நானே வீட்டுக்கு அனுப்பிட்டேன் சார். பைப்பு வெச்சது நான்தானே."

அதற்குப் பிறகு அவர் ஒரு சஜஷன் ஃபார்ம்கூட எழுதவில்லை. அவரைப் பார்த்து அந்த லைனில் யாரும் எழுதவில்லை. ஆளுக்கு மாதம் ஒரு யோசனை கட்டாயம் என்று நிர்வாகம் உத்தரவு போட்டதும், இங்கே ஒரு பல்பு போடலாம், அங்கே ஒரு கோடு போடலாம் என்று எழுதிக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். போர்டில் கைசன் (சிறு மேம்பாடு) எண்ணிக்கை ஏறியது. லைனில் எதுவும் மாறவில்லை.

லீன் முறைக்கு மூலமான டொயோட்டாவின் கதையைப் படிக்கும் எவருக்கும் அங்கே இது எப்படி நடக்காமல் இருந்தது என்ற கேள்வி வரும். 1950-இல் டொயோட்டா திவாலாகும் நிலைக்குப் போய், பெரிய ஆட்குறைப்பு நடந்து, நீண்ட வேலைநிறுத்தம் வெடித்தது. கம்பெனியை நிறுவிய கிச்சிரோ டொயோடாவே பதவி விலகினார். அந்த அடியிலிருந்துதான், மிச்சமிருப்பவர்களை வேலையை விட்டு அனுப்பமாட்டோம், அவர்கள் உற்பத்தியைக் கூட்டித் தர வேண்டும் என்ற உடன்பாடு உருவானது. 1962-இல் நிர்வாகமும் தொழிற்சங்கமும் கூட்டாக ஒரு பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டன. டொயோட்டா இன்ஜினியர் தைச்சி ஓனோவின் உற்பத்தி முறை வளர்ந்தது இந்த நிலத்தில்தான். பிறகு 1984-இல் ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து கலிபோர்னியாவில் நும்மி என்ற தொழிற்சாலையைத் தொடங்கியபோதும், ஆட்குறைப்பு கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது தொழிற்சங்க ஒப்பந்தத்திலேயே இருந்தது. 1988-இல் விற்பனை படுத்தபோது ஆட்களை அனுப்பாமல் பயிற்சியில் உட்கார வைத்தார்கள். யோசனை சொன்னால் பக்கத்து ஆளின் சோறு போகாது என்ற நிச்சயம் இருந்ததால்தான் யோசனை வந்தது.

அதற்காக டொயோட்டாவைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கே தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்து வேலை பார்த்த பத்திரிகையாளர் சதோஷி கமதா, லைனின் வேகம் மனிதனை என்ன செய்கிறது என்று எழுபதுகளிலேயே புத்தகம் எழுதினார். 2002-இல் டொயோட்டா ஆலையில் முப்பது வயதுத் தொழிலாளி ஒருவர் வேலையிடத்திலேயே சுருண்டு விழுந்து இறந்தார். ஷிஃப்ட் முடிந்த பிறகு அவர் செய்த க்யூசி சர்க்கிள் (தர மேம்பாட்டுக் குழு) வேலையும் வேலை நேரம்தான் என்று 2007-இல் நகோயா நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஷிஃப்ட் முடித்துக் கை கழுவியவர்களை மீட்டிங்குக்கு உட்கார வைக்கும் ஒவ்வொரு கம்பெனியிலும் நான் இந்தத் தீர்ப்பைச் சொல்கிறேன். நும்மியிலேயே 1993 மாடலை இறக்கியபோது தோள்வலி, கைவலி என்று புகார் குவிந்து, கலிபோர்னியாவின் பாதுகாப்புத் துறை நோட்டீஸ் கொடுத்தது. அங்கே வலுவான தொழிற்சங்கம் இருந்தது. பேசித் திருத்த முடிந்தது. அம்பத்தூரில் முப்பது பேர் வேலை பார்க்கும் பட்டறையில் சங்கமும் கிடையாது, அந்த உடன்பாடும் கிடையாது. டொயோட்டாவின் போர்டுகளும் சார்ட்டுகளும் மட்டும் வந்து சேர்ந்தன.

ஓனோவின் முறையில் ஒழிக்க வேண்டியவை மூன்று: வீண், ஏற்றத்தாழ்வு, மிகைச்சுமை. நம் கம்பெனிகளில் முதலாவதற்கு மட்டும்தான் ஃபார்ம் இருக்கிறது. மற்ற இரண்டும் தொழிலாளியின் உடம்பிலும் வீட்டிலும் போய் உட்காருகின்றன.

உடம்பைப் பற்றி. பெண்கள் மட்டும் வேலை பார்க்கும் ஒரு அசெம்பிளி லைனைச் சீரமைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஷிஃப்ட் 480 நிமிடம். சாப்பாடு 30, இரண்டு டீக்கு 20, காலை மீட்டிங்கும் துடைப்பும் 10. மிச்சம் 420. கஸ்டமர் கேட்பது 840 பீஸ். ஆக முப்பது வினாடிக்கு ஒரு பீஸ் இறங்க வேண்டும். முன்பு வந்த ஆலோசகர் ஒவ்வொரு டேபிளிலும் 29 வினாடி வேலையை வைத்து, லைன் அருமையாகச் சமன் செய்யப்பட்டது என்று சார்ட் போட்டிருந்தார். டேபிளுக்கு நடுவே ஒரு பீஸ்கூடச் சேர்த்து வைக்கக் கூடாது. இதில் ஒருவர் டேபிளை விட்டு பாத்ரூம் போனால் என்ன ஆகும்? மொத்த லைனும் நிற்கும். சிவப்பு விளக்கு எரியும். சூப்பர்வைசர் வந்து நிற்பார்.

அங்கே எல்லோருடைய தண்ணீர் பாட்டிலும் மத்தியானம் வரை நிரம்பியே இருப்பதைக் கவனித்தேன். வெயில் காலம், தகரக் கூரை. பட்டாபிராமிலிருந்து வரும் ஒரு அக்காவிடம் கேட்டேன். "குடிச்சா போகணும் சார். போனா லைன் நிக்கும். எதுக்கு சார் வம்பு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்குவேன்" என்றார். பக்கத்து டேபிள் பெண் நீர்க்கடுப்புக்கு இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருந்தது பிறகு தெரிந்தது. அப்படி உடம்பு முடியாமல் லீவு எடுத்த நாட்களெல்லாம் அங்கே 'ஆப்சென்ட்டீயிசம்' என்ற தலைப்பில் தொழிலாளியின் குற்றமாகப் பதிவாகியிருந்தன.

இதற்கு விடை எங்கள் தொழிலின் பழைய பாடத்திலேயே இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1957-இல் முதலில் வெளியிட்ட வேலை ஆய்வுப் புத்தகம்தான் எங்களைப் போன்றவர்களுக்கு அரிச்சுவடி. அதில் காட்டியிருக்கும் அலவன்ஸ் அட்டவணையில் சொந்தத் தேவைக்கு ஆண்களுக்கு 5 சதவீதம், பெண்களுக்கு 7 சதவீதம். அடிப்படைக் களைப்புக்கு 4. நின்று வேலை செய்தால் ஆண்களுக்கு 2, பெண்களுக்கு 4. கூட்டினால் அந்த லைனுக்குக் குறைந்தது 15 சதவீதம். அதாவது முப்பது வினாடித் தாளத்தில் ஒருத்தர் தலையில் 26 வினாடிக்கு மேல் வேலை வைக்கக் கூடாது. மிச்ச நான்கு வினாடியை வீண் என்று துடைத்துப் போட்டவர், தண்ணீர் குடிக்கும் நேரத்தையும் மூச்சு விடும் நேரத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டார். நான் இரண்டு மாற்றம் கேட்டேன். எல்லா டேபிளும் தெரிந்த ஒரு ரிலீவர். ஒவ்வொரு டேபிளுக்கும் பின்னால் ஒரு ஸ்டூல். ரிலீவர் என்றதும் ஓனர், "ஆளைக் குறைக்கத்தானே சார் உங்களைக் கூப்பிட்டேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. வருஷா வருஷம் விலையைக் குறைத்துக்கொண்டே வா என்று கஸ்டமர் அவர் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் ரிஜெக்‌ஷன் கணக்கைக் காட்டித்தான் சம்மதிக்க வைத்தேன். மதியம் மூன்று மணிக்கு மேல்தான் அந்த லைனில் தப்புப் பீஸ் அதிகம் வந்துகொண்டிருந்தது. ரிலீவர் வந்த பிறகு அது இறங்கியது. பாட்டில்களும் காலியாக ஆரம்பித்தன.

பவர் பிரஸ் ஓடும் கம்பெனிகளில் மிகைச்சுமை விரல் கணக்கில் வரும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும்; கை உள்ளே இருக்க முடியாது. டார்கெட்டை ஏற்றிப் பாருங்கள், சில வாரத்தில் ஒரு பட்டனில் டேப் சுற்றியிருக்கும் அல்லது குச்சி செருகியிருக்கும். ஒரு கை பட்டனில், ஒரு கை டைக்குள். அதைச் செய்வது பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த, பிரஸ்ஸை அதற்கு முன் பார்த்திராத பையன். ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தெரியாத பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் இந்தப் பக்கம் இருக்க முடியாது. குருகிராம், மானேசர் வாகனப் பாகக் கம்பெனிகளில் விரல் இழந்தவர்களைப் பற்றி சேஃப் இன் இந்தியா அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் அறிக்கை போட்டு வருகிறது. அதைப் படிக்கும்போது ஊர்ப் பெயரை மாற்றினால் போதும் என்றுதான் எனக்குத் தோன்றும். டேப் சுற்றியவனைத் திட்டும் முன்னால், அந்த டார்கெட்டில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று நான் கேட்பது வழக்கம்.

இனி வீடு. ஜஸ்ட் இன் டைம் என்றால் சரக்கைக் குவித்து வைக்காமல் தேவைப்படும்போது தேவைப்படும் அளவு. பெரிய கம்பெனியின் கிடங்கு காலியானது உண்மை. அந்தச் சரக்கு சின்னப் பட்டறையின் ஷெட்டுக்கு வந்துவிட்டதும் உண்மை. லைன் நின்றால் அபராதம் என்ற பயத்தில் வெண்டர் தன் காசில் குவித்து வைக்கிறார். குவித்து வைக்கக் காசில்லாதவர் ஆட்களை நிறுத்தி வைக்கிறார். மாலை நான்கு மணிக்கு ஃபோன் வரும்: நாளைக் காலைக்குள் இவ்வளவு வேண்டும். ஐந்து மணிக்கு பட்டரவாக்கத்தில் எலக்ட்ரிக் ட்ரெய்ன் பிடிக்க வேண்டியவர்களிடம் இருந்து போங்கள் என்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை பக்கத்து வீட்டில் காத்திருக்கும். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னால் மூன்றாவது முறை வேலைக்கே கூப்பிடமாட்டார்கள். ஓடிக்கு இரட்டைச் சம்பளம் என்று சட்டத்தில் இருந்தும், சிங்கிள் ஓடி என்று தனியாக ஒரு வழக்கமே எஸ்டேட்டில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு வந்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. அப்போது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் நான் போய்வரும் பட்டறைகளில் அதற்கு முன்பும் பின்பும் எட்டும் நாலும் பன்னிரண்டாகத்தான் ஓடுகிறது.

ஆவடியில் எங்கள் தலைமுறைக்கு வேலை என்றால் டேங்க் ஃபேக்டரிதான். 1965-இல் விஜயந்தா டேங்க் வெளிவந்த அந்தத் தொழிற்சாலையில் நிரந்தர வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸ், பென்ஷன், பிள்ளைகள் படிப்பு என்று ஒரு குடும்பம் நிமிர்ந்துவிடும். அந்தக் குடும்பங்களின் பேரன்கள் இன்று அம்பத்தூரிலும் ஒரகடத்திலும் கான்ட்ராக்டில் ஓடுகிறார்கள். 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று, 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. அதனால் அந்த நாள் நெருங்கும்போது வேலையை இடையில் நிறுத்தி பிரேக் கொடுத்துவிடுகிறார்கள். பெண் பார்க்கப் போகும் இடத்தில் மாப்பிள்ளை கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா என்றுதான் முதல் கேள்வி வருகிறது. வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கியும் அதையே கேட்கிறது.

லீன் ஆசாமியாக இதில் எனக்குத் தாங்க முடியாதது ஒன்று உண்டு. ஒருவருக்கு ஒரு டேபிளைச் சரியாகக் கற்றுக்கொடுக்க வாரக்கணக்கில் ஆகிறது. கை பழகி, காது பழகி, ஸ்க்ரூ இறுகும் சத்தத்திலேயே தப்பைக் கண்டுபிடிக்கும் நிலைக்கு அவர் வரும்போது வெளியே அனுப்பிவிட்டு, புதியவரை வைத்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பம்ப் லைனில் பைப்பைச் சாய்த்தவரைப் போன்ற ஆள் உருவாக ஒரு இடத்தில் வருஷக்கணக்கில் இருக்க வேண்டும். ஏழு வகை வீண் என்று சுவரில் ஒட்டியிருக்கும் எந்த சார்ட்டிலும் இது கிடையாது.

சிறு தொழில்களுக்கான லீன் திட்டத்தை மத்திய அரசு 2023 மார்ச்சில் புதுப்பித்தது. ஆலோசனைச் செலவில் 90 சதவீதத்தை அரசே தருகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே தேசிய உற்பத்தித்திறன் கவுன்சிலின் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. மக்கள் பணத்தில் நடக்கும் இந்த வேலையில், மிச்சமான இடம், மிச்சமான சரக்கு, மிச்சமான நேரம் ஆகியவற்றோடு ஆட்களின் கணக்கும் இருக்க வேண்டும் என்று நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன். போன வருஷம் இந்த லைனில் இருந்தவர்களில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேருக்குக் காயம், ஓடி என்று எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் சொன்னார்கள், ரிலீவர் உண்டா, இவ்வளவுதான். என் ரிப்போர்ட்டில் இந்த நான்கையும் நானே சேர்த்துவிடுகிறேன்.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன் ஒரு தாளில் கையெழுத்தும் கேட்கிறேன். இந்த முயற்சியால் மிச்சமாகும் ஆளை வெளியே அனுப்பமாட்டோம், வேறு வேலையில் வைப்போம், அதைத் தொழிலாளர்கள் முன்னிலையில் முதல் நாளே சொல்வோம் என்று தமிழில் எழுதிய தாள். சிலர் படித்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். அந்த வேலைகள் எனக்கு வருவதில்லை. திருமுல்லைவாயலில் ஒரு அம்மா, சொந்தமாக மெஷின் ஷாப் நடத்துகிறவர், கையெழுத்துப் போட்டதோடு அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டவும் செய்தார். அங்கே இரண்டு பேர் மிச்சமானார்கள். ஒருவரை டூல் ரூமில் போட்டார், இன்னொருவரை ரிலீவராக்கினார். காக்களூரில் ஒரு கம்பெனியோடு இப்போது பேச்சு நடக்கிறது. அடுத்த ஆடிட் முடியட்டும், அப்புறம் கையெழுத்துப் போடுகிறோம் என்கிறார்கள். முதலில் கையெழுத்து, பிறகுதான் ஸ்டாப்வாட்சை எடுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.